டாக்ஸியில் அடகு வைத்த சம்பந்தி

எங்கள் டாக்ஸி பல்கலைக்கழக வாசலில் போய் நின்றபோது மணி பத்து நாற்பத்தொன்று. பதினொன்றுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இடையில் பத்தொன்பது நிமிடம் இருந்தது. எனக்கு அது தாராளம். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான், கடைசிப் பதினோரு வருடம் ஹெட் நர்ஸ். பத்தொன்பது நிமிடத்தில் ஒரு வார்டையே காலி பண்ணித் துடைத்து விரிப்பு மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு என் மகள் டாக்டர் ஆகப்போகிறாள். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து வாங்குகிற டாக்டர். ஐந்து வருடம் உழைத்ததை ஒரு மண்டபத்தில் நின்று பேராசிரியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அவர்கள் குடைந்து குடைந்து கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தினால் முடியும் வரை திறக்கமாட்டார்கள். எப்பேர்ப்பட்ட ஆள் வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டுமாம். இதை மகள் போனில் நாலு தடவை, நேரில் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

அவள் அத்தனை தடவை சொன்னதற்குக் காரணம் உண்டு. அவள் மூன்றாம் வகுப்பில் பரிசு வாங்கிய அன்று எனக்கு டியூட்டி. பள்ளிக்கூட நாடகத்தில் வக்கீலாக நடித்த அன்று எனக்கு டியூட்டி. கல்லூரியில் தங்க மெடல் வாங்கிய அன்று ஊரெல்லாம் காய்ச்சல், வார்டில் தரையில்கூடப் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தோம், லீவு என்று வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள், "பரவாயில்லம்மா" என்பாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் "பரவாயில்லம்மா" இருக்கிறதே, அது என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். ரிட்டயர் ஆன மறுநாளே அவளிடம் சொன்னேன், இந்தத் தடவை யார் வந்தாலும் வராவிட்டாலும் முதல் வரிசையில் நான் இருப்பேன் என்று.

அதற்காகத்தான் முதல்முறையாக விமானம் ஏறிக் கடல் கடந்து வந்திருந்தேன். கூடவே என் சம்பந்தியும் வந்திருந்தார், அதாவது என் மாப்பிள்ளையின் அம்மா.

சம்பந்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஊரில் நோட்டுப் புத்தகம், பேனா விற்கிற கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் பணம் கொடுக்கிற இடம் வந்துவிட்டால் அவருக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வருமோ தெரியாது. ஹோட்டலில் நாம் கை கழுவி வருவதற்குள் பில்லைக் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார். கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒரு தடவைகூட என்னால் அவரை முந்த முடியவில்லை. பெண்ணைக் கொடுத்தவள் நான், எல்லாவற்றுக்கும் அவரே கொடுத்துக்கொண்டிருந்தால் என் மரியாதை என்ன ஆவது? அந்த டாக்ஸிக்கு நான்தான் கொடுப்பது என்று விமானத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குச் சம்பந்தி மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு. என் மகளுடைய ஆராய்ச்சி பாலங்களைப் பற்றியது. கான்கிரீட்டில் விரிசல் விழுவதற்கு முன்னால் உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்குமாம், அதைக் கருவி வைத்துப் பிடிப்பது. எனக்கு அந்தத் தலைப்பை மனப்பாடம் பண்ணத்தான் முடிந்தது. சம்பந்தியோ மருமகளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் மருமக பாலத்துக்கு ஸ்டெதஸ்கோப் வெச்சுப் பாக்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டெதஸ்கோப்! முப்பத்திரண்டு வருடம் அதோடு புழங்கியவள் நான். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் சோபாவில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்.

"நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் எட்டு மணிக்கே போயிடணும் அத்தை. மண்டபத்துல எல்லாம் ரெடி பண்ணணும். நீங்க டாக்ஸியில வந்துடுங்க. இந்த ஊர் டாக்ஸியில நோட்டு வாங்கமாட்டாங்க. ஒண்ணு, கார்டு போடணும். இல்லன்னா என் போன்ல இருக்கற ஆப்ல உங்களையும் சேர்த்துவிடறேன். நீங்க ஏறி இறங்கினா போதும், காசு என் கணக்குலேர்ந்து போயிடும்."

"மாப்பிள்ளை காசுல சவாரி போற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது. எங்கிட்ட கார்டு இருக்கு" என்றேன்.

"சம்பந்தியே வேண்டாம்னா எனக்கு மட்டும் எதுக்குடா? என்கிட்டயும் கார்டு இருக்கு" என்றார் சம்பந்தி.

"அம்மா, கார்டு வெளிநாட்டுல வேலை செய்யற மாதிரி பேங்க் ஆப்ல மாத்திட்டீங்களா? ரெண்டு இடத்துல மாத்தணும். ஆன்லைன்ல வாங்கறதுக்கு ஒண்ணு, மெஷின்ல போடறதுக்கு ஒண்ணு."

"ஆச்சுன்னா ஆச்சுடா. பதினெட்டு வருஷமா கடை நடத்தறேன், எனக்கே பாடம் எடுக்கறியா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன். எனக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். அவர் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், அந்த விஷயத்தில் என் கார்டு சுத்தமாக இருந்தது.

அப்புறம் மறுநாள் காலை. ஒன்பதரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். சம்பந்தி மூன்று புடவை மாற்றினார். மூன்றாவதைக் கட்டிவிட்டு முதல் புடவையே தேவலை என்றார். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று, வார்டில் கத்துகிற மாதிரி ஒரு கத்து கத்தினேன். பத்து பத்துக்கு டாக்ஸி ஏறினோம்.

டாக்ஸி ஓட்டியது ஒரு அம்மாள். எங்கள் வயது இருக்கும், குட்டை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் போனில் பேசினால் போன் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னது. அதுவும் என்ன தமிழ்! ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ்.

"வணக்கம். தாங்கள் இருவரும் எங்கு செல்ல விரும்புகிறீர்கள்?" என்று போன் கேட்டது. சம்பந்தி பயந்துபோய் போனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சரி, இப்போது பத்து நாற்பத்தொன்றுக்கு வருகிறேன். டாக்ஸி நின்றது. டிரைவரம்மா கையளவு மெஷின் ஒன்றைப் பின் சீட்டுக்கு நீட்டினார். நான் ஏற்கெனவே கார்டைக் கையில் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். மெஷினைப் பிடித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

"அட, என்ன சம்பந்தி இது, விடுங்க, நான் குடுக்கறேன்!"

"நீங்க சும்மா இருங்க. எப்பப் பாத்தாலும் நீங்களேதான் குடுக்கறீங்க."

"என் பையன் இருக்கற ஊரு. நீங்க விருந்தாளி."

"என் பொண்ணும் இங்கதான் இருக்கா. நீங்கதான் விருந்தாளி."

அவர் மெஷினை இழுத்தார். நான் இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார், நான் அவர் கையைத் தட்டினேன். இரண்டு கார்டும் சீட்டுக்குக் கீழே விழுந்தன. இரண்டும் ஒரே பேங்க், ஒரே நீலம். குனிந்து ஆளுக்கொன்றை எடுத்தோம். சம்பந்தி எப்போதும் போல என்னைவிட வேகம். மெஷினில் கார்டைச் செருகி நம்பரை அமுக்கிவிட்டார். மெஷின் சிவப்பாக ஏதோ காட்டிக் கத்தியது.

"அவசரத்துல தப்பா அடிச்சிட்டேன்" என்று மறுபடி அமுக்கினார். மறுபடி கத்தியது. "என்னடா இது, கண்ணு தெரியலையா எனக்கு" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி மூன்றாவது தடவை அமுக்கினார். மெஷின் இந்த முறை நீளமாகக் கத்தியது. ரகசிய நம்பரை டாக்ஸி முழுக்கக் கேட்கும்படி சொன்ன மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிரைவரம்மா போனில் ஏதோ பேசினார். "இந்த அட்டை முடக்கப்பட்டுவிட்டது. வேறு அட்டை தருக" என்றது போன்.

"நகருங்க" என்றேன், வெற்றிப் புன்னகையோடு. என் கையில் இருந்த கார்டைச் செருகப்போனேன். அதில் இருந்த பெயர் என்னுடையது அல்ல. சம்பந்தியுடையது. அப்படியானால் முடங்கிப்போனது யாருடையது? மெஷினிலிருந்து உருவிப் பார்த்தேன். என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் கார்டில் அவர் நம்பரை மூன்று தடவை அடித்து அதைச் சாகடித்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். நல்லவேளை, போன் மொழிபெயர்க்கவில்லை.

"இருங்க இருங்க, பதறாதீங்க. என் கார்டு இருக்குல்ல" என்று சம்பந்தி தன் கார்டைச் செருகித் தன் நம்பரை அடித்தார். நம்பரை மெஷின் ஏற்றுக்கொண்டது. சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு மறுத்துவிட்டது.

"இவ்வட்டைக்கு வெளிநாட்டு இயந்திரங்களில் அனுமதி இல்லை" என்று போன் வாசித்தது.

"ரெண்டு இடத்துல மாத்தணும்னு உங்க பையன் சொன்னாரே!"

"ஒரு இடத்துல மாத்தினேன்" என்றார் சம்பந்தி. குரல் கீழே போய்விட்டது.

மணி பத்து நாற்பத்தேழு. நான் கைப்பையிலிருந்து இந்த ஊர் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். டிரைவரம்மா வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். ஒரு நோட்டைப் போட்டு அதன் குறுக்கே சிவப்புக் கோடு. நம் ஊரில் பணம் கட்டுகிற ஆப்பைப் போனில் திறந்தேன். இந்த நாட்டில் இந்தச் சேவை இல்லை என்று அது கையை விரித்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், மண்டபத்தில் சத்தமில்லாமல் வைத்திருப்பார் போல, அடித்துக்கொண்டே இருந்தது. மகளைக் கூப்பிட மனசு வரவில்லை. அவள் மேடைக்குப் போகிற நேரம், இந்த அம்மா மறுபடியும் எங்கேயோ மாட்டிக்கொண்டாள் என்று தெரிய வேண்டாம்.

டிரைவரம்மா ஒரு பொத்தானை அமுக்கினார். மெஷினிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அதில் கட்டம் கட்டமாக ஒரு படம். போன் சொன்னது: "இதனைத் தங்கள் உறவினர் எவரேனும் தமது கைபேசியால் படம் பிடித்துக் கட்டணம் செலுத்தலாம். அவர் எங்கிருந்தாலும் பாதகமில்லை."

எங்கிருந்தாலும்! என் வீட்டுக்காரர் இருக்கிறாரே! சீட்டைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டேன். அங்கே மத்தியானம், மனுஷன் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, நான்தான். டாக்ஸியில மாட்டிக்கிட்டோம். கார்டு ரெண்டும் போச்சு. அனுப்பியிருக்கற படத்தை வெச்சு உடனே பணம் கட்டுங்க. சீக்கிரம்!"

என் வீட்டுக்காரர் மேனேஜர் குரலில் கேட்டார்: "ரகசிய வார்த்தை என்ன?"

இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து போனில் நடக்கிற மோசடிகளைப் பற்றித் தெருவுக்கே பாடம் எடுப்பவர். விமான நிலையத்தில், "யார் வேணும்னாலும் உன் குரல்ல பேசுவாங்க, அதனால நமக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை வெச்சுக்கலாம்" என்று ஏதோ சொன்னார். நான் அப்போது பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டு "சரி சரி" என்று தலையை ஆட்டிவிட்டேன்.

"வார்த்தையாவது மண்ணாவது! நான்தாங்க பேசறேன். என் குரல் தெரியலையா?"

"குரல் அப்படியே இருக்கு. அதனாலதான் சந்தேகமே. வெளிநாட்டுல மாட்டிக்கிட்டேன், உடனே பணம் அனுப்புன்னு கேக்கறதுதான் இவங்களோட முதல் வேலை."

"முப்பத்தஞ்சு வருஷமா உங்களுக்குச் சமைச்சுப் போட்டவளைப் பாத்து..."

"என் மனைவி இவ்வளவு கெஞ்சமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அடுத்த நிமிடம் குடும்ப வாட்ஸ்அப்பில் அவருடைய செய்தி வந்து விழுந்தது: "அனைவரும் எச்சரிக்கை! என் மனைவி குரலிலேயே ஒரு மோசடிக்காரி பேசினாள். பத்து வினாடியில் பிடித்துவிட்டேன்." அதற்குக் கீழே என் கொழுந்தனார் கை தட்டுகிற படம் போட்டிருந்தார்.

பத்து ஐம்பத்தொன்று. வண்டியின் கண்ணாடி வழியாக, பெரிய கடிகாரத்துக்குக் கீழே இருந்த வாசலில் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. இத்தனை வருடக் கடனை அடைக்க வந்தவள், வாசல் வரை வந்து வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கும் அவள் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்லப்போகிறாள்.

அப்போது சம்பந்தி டிரைவரம்மாவின் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இந்தாம்மா, இவங்க பொண்ணு உள்ள டாக்டர் பட்டம் வாங்குது. பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. இவங்களை விட்டுடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன். காசு வர்ற வரைக்கும் நான் உனக்கு அடகு."

போன் அதை எப்படிச் சொன்னதோ தெரியாது. டிரைவரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சம்பந்தியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பதில் வந்தது: "ஒருவர் இருக்கலாம். மற்றவர் ஓடலாம்."

"நீங்களும் பாக்கணும்னுதானே வந்தீங்க" என்றேன்.

"அவ மேடையில நின்னு உங்களைத்தான் தேடுவா, என்னைத் தேடமாட்டா. கார்டைக் கெடுத்தது நான். போங்க சம்பந்தி, நிக்காதீங்க!"

மெஷின் கொடுத்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஓடினேன் என்று சும்மா சொல்லவில்லை. அறுபது வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த மாணவர்களை "நகருப்பா நகரு" என்று தமிழிலேயே விரட்டிக்கொண்டு ஓடினேன். அவசரக் குரல் எந்த ஊரிலும் புரிகிறது, எல்லோரும் சுவரோரம் ஒட்டி வழிவிட்டார்கள். கடிகாரத்துக்குக் கீழ் வாசல், இடது பக்கம், இரண்டாவது மாடி. இரண்டிரண்டு படியாக ஏறினேன். என் முழங்கால் அதற்கு அப்புறம் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

மண்டபக் கதவருகே ஒல்லியாக ஒரு மனிதர், கறுப்புக் கோட்டு, கையில் சாவிக்கொத்து. பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் வார்டு கதவில் நான் நிற்பேனே, அதே நிற்பு. ஒரு வினாடி முன்னாலும் சாத்தமாட்டார், ஒரு வினாடி பின்னாலும் சாத்தமாட்டார்.

பத்து ஐம்பத்தாறு. உள்ளே போய்விட்டேன்!

மேடையில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த காகிதத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. அவ்வளவு நேரம் அவள் எப்படி நின்றிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு அவள் கண் எனக்குப் பின்னால் தேடியது. மாமியார் எங்கே?

முதல் வரிசையில் மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி பிடித்து வைத்திருந்தார். சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உங்க அம்மா டாக்ஸியில அடகுல இருக்காங்க. இதைக் கட்டுங்க. எதுவும் கேக்காதீங்க!"

மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. மடியிலிருந்த போனை எடுத்துச் சீட்டின் மேல் காட்டி, இரண்டு தடவை தட்டினார். "ஆச்சு அத்தை."

பத்து ஐம்பத்தெட்டு. வாசலில் இருந்து இரண்டாவது மாடி ஏற, மூச்சு வாங்க ஓடிய எனக்கே ஐந்து நிமிடம் ஆனது. சம்பந்தி எனக்கு மூன்று வயது மூத்தவர். ஓடி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பின்னால் கீல் கிரீச்சிட்டது. கறுப்புக் கோட்டுக்காரர் ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கத்தில் கை வைத்திருந்தார்.

எழுந்து கதவுக்குப் போனேன். "ஒரே நிமிஷம். ஒருத்தங்க வராங்க" என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார், முடியாது என்று. கெஞ்சினால் கதை நடக்காது. எத்தனை பேர் என்னிடம் அழுதிருக்கிறார்கள், எத்தனை பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், நான் யாருக்காவது கதவைப் பிடித்திருக்கிறேனா?

ஒரே ஒருத்தருக்குப் பிடித்திருக்கிறேன். பிடித்தேன் என்பதுகூடப் பொய், அவர் என்னைப் பிடிக்க வைத்தார். லாரி ஓட்டுகிறவர், மகன் கால் முறிந்து வார்டில் கிடந்தான், மனைவி அப்போதுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு இடுக்கில், வாசற்படியிலேயே உட்கார்ந்து செருப்பு வாரை மாட்ட ஆரம்பித்துவிட்டார். மாட்டினார், மாட்டினார், அவர் பெண்டாட்டி வந்து சேரும் வரை மாட்டினார். செருப்பு மாட்டுகிறவன் மேல் கதவை இடிக்க முடியுமா? முப்பத்திரண்டு வருடத்தில் என்னை ஜெயித்த ஒரே ஆள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். வலது கால் செருப்பின் வாரைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். துளை சரியில்லை. கழற்றினேன்.

கறுப்புக் கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவர் படுகிற பாடு எனக்கு அணு அணுவாகத் தெரியும். இந்த மாதிரி நேரத்துக்குச் சட்டப் புத்தகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. மண்டபத்தில் நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் மகள் பதறிப்போய் ஒரு அடி முன்னால் வந்தாள், அம்மா மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள். நான் செருப்பைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! பேராசிரியர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு என் பெண் சிரிக்கிறாள்!

இடது கால் செருப்பை ஆரம்பித்தேன்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. முதலில் மூச்சு கேட்டது, அப்புறம் ஆள் தெரிந்தது. மூன்றாவது புடவை தாறுமாறாக, இரண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சம்பந்தி ஓடி வந்தார். உலகத்தில் எத்தனையோ ஓட்டப் பந்தயம் நடக்கிறது, அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. "வாங்க வாங்க வாங்க!" என்று கத்தினேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே விழுந்தார். நான் வாரை ஒரே இழுப்பில் மாட்டிக்கொண்டு எழுந்து, கறுப்புக் கோட்டுக்காரரைப் பார்த்துக் கை கூப்பினேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் கதவை மிக மெதுவாக, சத்தம் வராமல் சாத்தினார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சம்பந்தி மூச்சு வாங்கிக்கொண்டே காதோரம் சொன்னார்: "மெஷின் டிங்னு அடிச்சுது. அந்தம்மா கதவைத் திறந்துவிட்டு, போ போன்னு கையைக் காட்டிச்சு. யாரு குடுத்தது?"

"உங்க பையன்."

சம்பந்தி முகத்தில் சூரியன் உதித்தது. "என் பையன் காசுன்னா அது என் காசுதானே? அப்போ நான்தான் குடுத்தேன்!"

அடகில் உட்கார்ந்த மனுஷி. ஓடி வந்து வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் பேச ஆரம்பித்தாள். எனக்குப் பாஷை புரியவில்லை, ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒரு வினாடிகூடக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் பெரிய திரையில் ஒரு பாலத்தைக் காட்டி, மண்டபத்தை அமைதியாக இருக்கச் சொல்லி, ஒரு சத்தத்தைப் போட்டாள். டிக். நகம் உடைகிற அளவுதான். "இதுதான், இதுதான் அது" என்று சம்பந்தி என் தொடையைக் கிள்ளினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கிள்ளாமல் இருப்பதற்காகத்தான் முதலில் பிடித்தேன். அப்புறம் விடவில்லை.

ஒன்றரை மணி நேரம் குடைந்தார்கள். என் பெண் ஒன்றுக்கும் அசரவில்லை. கடைசியில் பெரிய பேராசிரியர் எழுந்து அவள் கையைக் குலுக்கி டாக்டர் என்று கூப்பிட்டபோது, எனக்கும் சம்பந்திக்கும் அந்த ஒரு வார்த்தை நன்றாகப் புரிந்தது. எழுந்து நின்று கை தட்டினோம். அங்கே அப்படி எழுந்து தட்டுவார்களா என்று எங்களுக்குத் தெரியாது. தட்டினோம்.

மகள் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். இத்தனை வருடமாக நான் பயந்த அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.

"வந்துட்டியேம்மா" என்றாள்.

நான் அழுதேன். ஹெட் நர்ஸ் ஆனதற்கப்புறம் நாலு பேர் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.

எல்லோரும் சுற்றி நின்று வாழ்த்திக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மகளிடம் ஒரு போனை நீட்டினார். "இந்தா உன் போன். என் போனை வீடியோ எடுக்க அந்த ஓரத்துல ஸ்டாண்டுல மாட்டியிருந்தேன். அதனால டாக்ஸிக்கு உன் போன்லேர்ந்தே கட்டிட்டேன்."

என் காதில் விழுந்தது. என் மகளின் போன். என் மகளின் பணம். அப்படியானால் டாக்ஸிக்குக் கொடுத்தது யார்? நான்! நாலு வருடத்தில் முதல் தடவையாக நான்!

சட்டென்று திரும்பினேன். சம்பந்தி அதைக் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, ஊரில் இருக்கிற தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். செருப்பு இன்னும் காலில் ஏறவில்லை. முகமெல்லாம் பல்.

"டாக்டர் ஆயிட்டாடி! எல்லாத்தையும் கண்ணால பாத்தேன். டாக்ஸியா? அதுக்கும் நான்தான் குடுத்தேன். சம்பந்தி எவ்வளவோ பிடிவாதம் பண்ணினாங்க, விட்டேனா? இரு, பக்கத்துலதான் இருக்காங்க, நீயே கேளு."

போனை என் பக்கம் நீட்டினார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்த பழக்கம் எனக்கு ஜென்மத்தில் கிடையாது. அவருடைய வெறும் பாதத்தைப் பார்த்தேன், மாடிப்படி அழுக்கு அப்பியிருந்தது.

"ஆமாங்க" என்றேன் போனில். "சம்பந்திதான் குடுத்தாங்க."